ஃப்ளைஓவர் ஏறும்போது ஏசி காத்து கண்ணாடிக்குப் போனப்பவே நான் முழிச்சிருக்கணும்

எங்கிட்ட ஒரு 1994 ஃபோர்டு எஃப்-150 இருக்கு. 4.9 லிட்டர், ஸ்ட்ரெய்ட் சிக்ஸ், அதாவது ஒரே வரிசைல ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். ஹூஸ்டன்ல வீடு வாங்கின புதுசுல பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினது. ஆஃபீஸ் போக வேற கார் இருக்கு, இது மண்ணு மூட்டை ஏத்த, ப்ளைவுட் தூக்க, பழைய சோஃபாவைக் கொண்டு போய் கொட்ட, அப்புறம் முக்கியமா நண்பர்கள் வீடு மாத்தறதுக்கு. பிக்கப் ட்ரக் வச்சிருக்கறவனுக்கு அமெரிக்காவுல நண்பர்களுக்குப் பஞ்சமே இருக்காது, மாசக் கடைசியானா போன் வந்துரும்.

இந்த இன்ஜினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். 1965-ல ஆரம்பிச்சு 1996 வரைக்கும் இதை ஓட்டியிருக்காங்க, 300 கன இன்ச், அதனால இங்க பழைய ஆளுங்க இதை வெறுமன "த்ரீ ஹண்ட்ரட்"னுதான் சொல்லுவாங்க. பழுப்பு கலர் யூபிஎஸ் வேன்ல எல்லாம் இதுதான் ஓடிச்சு. வேகம் போகாது, ஆனா இழுக்கும், சாகாது. சாகாத இன்ஜின்னா ஒரு சிக்கல் இருக்கு, இன்ஜின் நிக்கும், அதைச் சுத்தி இருக்கற ரப்பரும் பிளாஸ்டிக்கும் 30 வருஷம் நிக்காது. அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, நம்ம முட்டிக்கால் கூட 30 வருஷத்துல சத்தம் போட ஆரம்பிச்சிருது.

பிரச்சினை என்னன்னா ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதப்ப இன்ஜின் சுத்தற வேகம், ஏறிடுச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் நிமிஷத்துக்கு 1600 சுத்துல கத்தறது சரிதான், இன்ஜின் குளிர்ச்சியா இருக்கு. ஆனா அரை மணி நேரம் ஓட்டி நல்லா சூடான பிறகும் 1300-க்குக் கீழ இறங்க மாட்டேங்குது, இது 700 சுத்தி நிக்க வேண்டிய வண்டி. என் மாடல்ல டேஷ்போர்டுல இந்தச் சுத்தைக் காட்டற ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, ஒரு பழைய டைமிங் லைட்ல ஆர்பிஎம் காட்டும், அதை மாட்டித்தான் இந்தக் கணக்கு. பார்க்ல இருந்து டி-க்குப் போட்டா அடியில "தடக்"னு ஒரு உதை, காபி வாங்க டிரைவ்-த்ரூ லைன்ல நின்னா வண்டி முன்னாடி கார் மேல ஏறப் பாக்குது, பிரேக்கை அமுத்தி அமுத்திக் கெண்டைக்கால் பிடிச்சுக்கும். ஒருநாள் என் மனைவி ஓட்டிட்டு வந்து சாவியை மேசை மேல வச்சுட்டு "இது மாட்டைப் பிடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்குங்க, இனிமே நான் தொட மாட்டேன்"னு சொல்லிட்டா.

இப்போ தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். இது நடக்கறதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடியே வண்டி எனக்கு ஒரு சேதி சொல்லிச்சு. ஹூஸ்டன்ல மலையும் கிடையாது மேடும் கிடையாது, ஏத்தம்னா ஃப்ளைஓவர்தான். பெல்ட்வே 8-ல இருந்து ஐ-10-க்கு ஏறுற ரேம்ப்ல ஆக்சிலரேட்டரை அமுத்தினா முகத்துல அடிச்சிட்டிருந்த ஏசி காத்து அப்படியே நின்னுரும், முன் கண்ணாடிக்கு அடியில இருந்து புஸ்ஸுன்னு வரும். மேல ஏறி முடிச்சுக் காலை எடுத்தா திரும்ப முகத்துக்கு வந்துரும். பழைய வண்டி, ஏதோ சுவிட்ச் லூசா இருக்கும்னு விட்டுட்டேன். ஆகஸ்ட் வெயில்ல அந்த ரேம்ப் ஏறும்போது மட்டும் ஜன்னலை இறக்கிக்குவேன், அவ்ளோதான் நான் பண்ணின வைத்தியம்.

இந்த வயசு வண்டிங்கள்ல ஏசி காத்து எந்தப் பக்கம் போகணும்ங்கறதை டேஷ்போர்டுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன கதவுங்கதான் முடிவு பண்ணும், அந்தக் கதவுங்களை இழுக்கறது மோட்டார் இல்ல, இன்ஜின்ல இருந்து வர்ற வேக்யூம், அதாவது இன்ஜின் காத்தை உறிஞ்சற இழுப்பு. வேக்யூம் போயிட்டா ஸ்பிரிங் இழுத்துக் கதவு தானா டீஃப்ராஸ்ட் பக்கம், அதாவது முன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கும், மத்தது எது போனாலும் ரோடு தெரியணும்னு அப்படி அமைச்சிருக்காங்க. ஆக்சிலரேட்டரை அமுத்தும்போது மேனிஃபோல்டுல, அதாவது சிலிண்டருக்குக் காத்து போற குழாய்ல, வேக்யூம் குறையறது இயல்பு, அந்த நேரத்துக்குச் சேமிச்சு வைக்கறதுக்குன்னே காபி டப்பா சைஸ்ல ஒரு ரிசர்வாயரும், வழியில காத்தை ஒரு பக்கம் மட்டும் விடற ஒரு செக் வால்வும் இருக்கு. ஏறும்போது காத்து கண்ணாடிக்குப் போகுதுன்னா அந்த டப்பாவுலயோ அதுக்குப் போற ட்யூப்லயோ ஓட்டை, இல்லன்னா செக் வால்வு போச்சுன்னு அர்த்தம். இது தெரிஞ்சிருந்தா அஞ்சு டாலர்ல முடிஞ்சிருக்கும்.

தெரியல. அதனால வழக்கமா எல்லாரும் பண்றதை நானும் பண்ணினேன். "ஹை ஐடில்"னு தேடினா எல்லா இடத்துலயும் முதல்ல சொல்றது ஐஏசி வால்வு, அதாவது ஐடில்ல இருக்கும்போது த்ராட்டில் பிளேட்டை (ஆக்சிலரேட்டரை அமுத்தினா திறக்கற காத்து வாசல் கதவு) சுத்திக்கிட்டு கொஞ்சம் காத்தை விடற வால்வு. 90 டாலர் குடுத்து வாங்கி மாட்டினேன். 1300. அடுத்தது அந்த பிளேட் எவ்ளோ திறந்திருக்குன்னு சொல்ற த்ராட்டில் பொசிஷன் சென்சார், 45 டாலர். அதே 1300. சரி நமக்கு வராதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டேன். ரெண்டு நாள் வச்சிருந்து 240 டாலர் வாங்கிட்டு 1100-ல குடுத்தாங்க, "பழைய வண்டிதானே, இதுக்கு மேல எதிர்பாக்காதீங்க"ன்னு ஒரு புத்திமதியும் சேர்த்து. வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தாத்தான் தெரியுது, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைப் பின்னாடி சுத்தி விட்டிருக்காங்க. பிளேட் முழுசா மூடி அந்தத் துளையோட சுவத்துல போய் இறுகிக்குது. அதனால ஆக்சிலரேட்டரை முதல்ல தொடும்போது ஒட்டிக்கிட்டு நின்னு பிறகு "டொப்"னு விடும், வண்டி துள்ளும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாம தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணில முக்கின கதை.

அந்த வாரம் மாமாகிட்ட பேசினேன். அம்மாவோட தம்பி, நாமக்கல்ல 30 வருஷத்துக்கு மேல லாரி ஓட்டி, ரெண்டு லாரி வச்சு, இப்போ ஓய்வா இருக்கார். வாட்ஸ்அப் வீடியோல பானட்டைத் திறந்து காட்டினேன்.

"என்ன மாப்ளே, நிறுத்தி வச்சிருக்கற வண்டி இந்தக் கத்து கத்துது?"

"அதாங்க மாமா பிரச்சினையே. ரெண்டு பார்ட் பாத்தாச்சு, இறங்கவே மாட்டேங்குது."

"மாத்திட்டுப் பாத்தியா, பாத்துட்டு மாத்துனியா?"

நான் பேசல.

"நம்ம லாரி டீசல், அதுல காத்துக்குத் தடுப்பே கிடையாது, டீசலைக் கூட்டினாத்தான் ரேஸ் ஆகும். உன்றது பெட்ரோல் வண்டி கண்ணு. அதுல காத்து கூடாம ரேஸ் ஆகாது. ஆக்சிலரேட்டர் கம்பி முழுசா விட்டுருச்சா பாரு, விட்டுருச்சுன்னா காத்து வேற எந்தச் சந்துல போகுதுன்னு தேடு. பார்ட்டை வாங்கறதை நிறுத்து மொதல்ல."

அவர் சொன்னது அத்தனையும் சரி. டீசல்ல த்ராட்டில் இல்லாததால இன்ஜினுக்குள்ள சொல்லிக்கற மாதிரி வேக்யூமே உருவாகாது, அதனாலதான் ஊர்ல சுமோ, ஜீப் மாதிரி டீசல் வண்டிங்கள்ல, பிரேக் மிதிக்கறதை லேசாக்கற பிரேக் பூஸ்டருக்காக ஆல்டர்னேட்டர் பின்னாடி தனியா ஒரு வேக்யூம் பம்ப் வச்சிருப்பாங்க. பெட்ரோல்ல பிஸ்டன் காத்தை இழுக்குது, த்ராட்டில் பிளேட் வாசலை மூடிக்கிட்டு நிக்குது, நடுவுல வேக்யூம். அந்த வேக்யூம் பிரேக்குக்கும் ஏசிக்கும் இன்னும் பலதுக்கும் ட்யூப் ட்யூபா பிரிஞ்சு போகுது. எங்க விரிசல் விட்டாலும் அது ஒரு கள்ள வாசல்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சாத்தான் மத்தது புரியும். வேக்யூம் லீக் எல்லா வண்டிலயும் ஒரே மாதிரி தெரியாது. காத்தை அளக்கற சென்சார் முன்னாடி ஃபில்டர் பக்கம் இருக்கற வண்டிங்கள்ல, அதாவது மேஃப் சென்சார் வண்டிங்கள்ல, லீக் வழியா வர்ற காத்து கணக்குல வராது, அதனால பெட்ரோல் பத்தாம இன்ஜின் நடுங்கும், திணறும். என் வண்டில மேஃப் கிடையாது. மேனிஃபோல்டுக்குள்ள எவ்ளோ அழுத்தம்னு மேப் சென்சார் பாத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் அதை வச்சும் ஆர்பிஎம்மை வச்சும் எவ்ளோ காத்து இருக்குன்னு கணக்குப் போட்டு அதுக்குத் தக்க பெட்ரோல் ஊத்தும். கள்ள வாசல்ல வந்த காத்தா நல்ல வாசல்ல வந்த காத்தான்னு அதுக்குத் தெரியாது. காத்து கூடியிருக்கா, இந்தா பெட்ரோல்னு குடுத்துரும். அதனால என் இன்ஜின் திணறவே இல்ல, ஜம்முனு 1300-ல நின்னுது. "ஸ்மூத்தா ஓடுதே, லீக்கா இருக்காது"ன்னு நான் நினைச்சது இதனாலதான். ஒர்க்‌ஷாப்பும் அப்படித்தான் நினைச்சிருக்கும்.

சனிக்கிழமை காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சேன். முதல் வேலை ஒர்க்‌ஷாப் தொட்ட ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டு வர்றது, பிளேட் ஒட்டாத அளவுக்கு முன்னாடி திருப்பி, த்ராட்டில் சென்சார்ல 0.9 வோல்ட் வர்ற மாதிரி வச்சேன். ஐட்லிங் திரும்ப 1300-க்குப் போச்சு. போகட்டும், உண்மையான நோய் தெரியணும்ல.

காசு செலவில்லாததெல்லாம் முதல்ல. ஆக்சிலரேட்டர் கேபிள் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கா, பிளேட் முழுசா திரும்பி வருதா, கால்மிதி மேட் பெடலுக்கு அடியில மாட்டியிருக்கா. அப்புறம் கூலன்ட் லெவல், இதை நிறைய பேர் விட்டுருவாங்க, கூலன்ட் குறைஞ்சு டெம்பரேச்சர் சென்சார் காத்துல தொங்கினா இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாவே இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பி ஐட்லிங்கை ஏத்தியே வச்சிருக்கும். என்னுது எல்லாமே சரியா இருந்துது.

அடுத்தது கோட், அதாவது வண்டி கம்ப்யூட்டர் சொல்ற கோளாறு நம்பர். 1996-க்கு முன்னாடி வண்டிங்கறதால இப்போ சாதாரணமா கிடைக்கற ஸ்கேனரை இதுல சொருக முடியாது. பானட்டுக்குள்ள ஒரு டெஸ்ட் கனெக்டர் இருக்கும், அதுல ஒரு முனையையும் பக்கத்துல தனியா இருக்கற ஒத்தை ஒயர் முனையையும் ஒரு கம்பியால சேத்துட்டா, செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டிக் கோட் சொல்லும். இன்ஜின் நிறுத்தி சாவி மட்டும் போட்டுப் பாத்தா 111, எல்லாம் நலம். இன்ஜினை நல்லா சூடாக்கி ஓடும்போது டெஸ்ட் போட்டா முதல்ல மூணு தடவை சிமிட்டும், அது கோட் இல்ல, ஆறு சிலிண்டர்ல பாதியைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்குது. அப்புறம் அதுவே ஆர்பிஎம்மை ஏத்தி இறக்கிப் பாக்கும். எனக்கு நாலு சிமிட்டல், நிறுத்தி ஒண்ணு, நிறுத்தி ஒண்ணு. 411. இறக்கிப் பாக்கற சோதனையில ஆர்பிஎம் என் கட்டுப்பாட்டுக்கு வரலன்னு அர்த்தம். இந்தக் கோடைப் பாத்ததும் ஐஏசி வால்வு வாங்கப் போறவங்க நிறைய பேர், வால்வு கெட்டுப்போச்சுன்னு அது சொல்லவே இல்ல, "நான் மூடிட்டேன், இன்னும் இறங்கல"ன்னுதான் சொல்லுது.

அதை உறுதிப்படுத்த ஒரு பத்து செகண்ட் டெஸ்ட் இருக்கு, இதை மட்டும் முதல்லயே பண்ணியிருந்தா 90 டாலர் மிச்சம். இன்ஜின் ஓடும்போதே ஐஏசி வால்வோட ஒயர் சாக்கெட்டைக் கழட்டுங்க. கரன்ட் போனதும் வால்வு முழுசா மூடிக்கும். அதுக்கு ஐட்லிங் சட்டுனு விழுந்தா, இல்ல இன்ஜின் ஆஃப் ஆனா, அந்தக் கூடுதல் காத்து வால்வு வழியாத்தான் வந்துட்டிருந்துது, கம்ப்யூட்டர் ஏதோ காரணத்துக்காக வேணும்னே திறந்து வச்சிருக்கு. கழட்டியும் ஐட்லிங் அசையலன்னா ஒண்ணு அந்த வால்வு அழுக்குல திறந்தபடி மாட்டியிருக்கணும், இல்லன்னா அது ஏற்கனவே மூடித்தான் இருக்கு, காத்து வேற வழில வருது. எனக்கு 1300, கழட்டினேன், 1300. அந்த வால்வு புதுசு வேற. அப்போ கள்ள வாசல்தான்.

அந்த இடத்துல உக்காந்து யோசிச்சப்பதான் ஒரு வருஷக் கதையும் கோர்வையா வந்துது. லீக் ஆரம்பத்துல சின்னது. அதுல எவ்ளோ காத்து வந்துச்சோ அவ்ளோ ஐஏசி வால்வை மூடிக் கம்ப்யூட்டர் சமாளிச்சிட்டு இருந்திருக்கு, வீட்டுக் கஷ்டத்தை வெளிய சொல்லாத அம்மா மாதிரி. வெளிய தெரிஞ்ச ஒரே அடையாளம் ஃப்ளைஓவர்ல ஏசி. வால்வு முழுசா மூடி, அதுக்கு மேல மூட இடமில்லன்னு ஆன நாள்லதான் ஆர்பிஎம் ஏற ஆரம்பிச்சிருக்கு.

வேக்யூம் கேஜ் 25 டாலர். மேனிஃபோல்டுல ஒரு காலி போர்ட்ல மாட்டினா 14.5 இன்ச், பாதரச அளவுல. கடல் மட்டத்துல நல்ல இன்ஜின் ஐட்லிங்ல 17-ல இருந்து 22 வரைக்கும் காட்டணும், முள்ளு ஆடாம. ஹூஸ்டன் ஏறக்குறைய கடல் மட்டம்தான். உயரம் கூடக்கூட ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் கணக்குல குறையும், டென்வர்ல இருக்கறவர் 5280 அடி உயரத்துல நின்னுட்டு 14 பாத்துப் பயப்பட வேண்டாம். முள்ளு ஆடாம தாழ்வா நின்னா லீக், இல்லன்னா ஸ்பார்க் டைமிங் லேட், முள்ளு ஒரே தாளத்துல துடிச்சா வால்வு பக்கம் பாக்கணும். என்னுது அசையாம 14.5. இன்னொரு ஆசைக்கு மல்டிமீட்டரை ஹெர்ட்ஸ்ல வச்சு மேப் சென்சார் சிக்னலையும் பாத்தேன், ஃபோர்டுல அது வோல்டேஜா வராது, அதிர்வெண்ணா வரும். இன்ஜின் நின்னிருக்கும்போது 159, ஐட்லிங்ல 118. கேஜ் சொன்னதும் இதுவும் ஒத்துப்போச்சு, அப்போ சென்சார் பொய் சொல்லல, உள்ள நிஜமாவே காத்து அதிகம்.

இனிமே தேடற வேலை. ஹோஸைக் காயப்படுத்தாம நசுக்கறதுக்குன்னே முனை உருண்டையா இருக்கற குறடு கிடைக்கும். ஒவ்வொரு ரப்பர் ஹோஸா நசுக்கி கேஜைப் பாக்கணும். முதல்ல பிரேக் பூஸ்டர் ஹோஸ், அதுதான் இருக்கறதுலயே பெருசு, அது உயிர் சம்பந்தப்பட்டதும் கூட. நசுக்கினேன், முள்ளு அசையல. பிரேக்கும் கல்லு மாதிரி ஆகல, மிதிச்சா புஸ்ஸுங்கற சத்தமும் இல்ல. பூஸ்டர் நல்லாருக்கு. ஒருவேளை உங்களுக்கு ஐட்லிங் ஏறினதோட பிரேக்கும் கெட்டியாச்சுன்னா வண்டியை ரோட்டுல எடுக்காதீங்க, அங்கயே நிறுத்திட்டு அதை முதல்ல பாருங்க.

அடுத்தது பிசிவி. இன்ஜின் உள்ள உருவாகற ஆவியைத் திரும்ப உறிஞ்சிக்கற வால்வு, வால்வ் கவர் மேல சொருகியிருக்கும், அதுல இருந்து ஒரு ரப்பர் எல்போ வளைஞ்சு ஹோஸுக்குப் போகும். ஹோஸை நசுக்கினதும் ஆர்பிஎம் தொபுக்கடீர்னு 950-க்கு இறங்கிச்சு. மேல இருந்து பாத்தா எல்போ பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. அடியில விரல் விட்டுத் தடவினா விரல் நேரா உள்ள போகுது. எண்ணெய் ஊறி ஊறி ரப்பர் ஊறவச்ச ரொட்டி மாதிரி ஆகி, வளைவுக்கு அடிப்பக்கம் முழு நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. கண்ணால பாக்கறதை நம்பாதீங்க, பழைய வண்டில ரப்பர் எல்லாம் அடியிலதான் கிழியும், விரலைத்தான் நம்பணும், இல்லன்னா ஒரு சின்னக் கண்ணாடி.

எட்டு டாலர் எல்போ. இங்க ஒரு எச்சரிக்கை, அவசரத்துக்கு ஹீட்டர் ஹோஸ் துண்டு வெட்டிப் போடறவங்க இருக்காங்க, அது தண்ணிக்குன்னு செஞ்ச ரப்பர், எண்ணெய் பட்டா உப்பிப் பிசுபிசுன்னு ஆயிரும், ஆறு மாசத்துல திரும்ப அதே கதை. எண்ணெய் தாங்கற ஹோஸ்தான் போடணும். அதே மாதிரி பிரேக் பூஸ்டருக்குக் கண்ட ஹோஸும் ஆகாது, வேக்யூம் இழுத்து உள்பக்கமா சப்பிக்கும்.

எல்போ மாட்டியாச்சு, கேஜ் 17, ஐட்லிங் 950. ஓட்டறதுக்கு நல்லாவே இருந்துது. முடிஞ்சுதுன்னு டூல்ஸ் எல்லாம் துடைச்சு எடுத்து வச்சுட்டேன், குளிக்கவும் போயிட்டேன். சாயங்காலம் ஒரு ரவுண்டு போனேன், ஃப்ளைஓவர் ஏறினேன், காத்து கண்ணாடிக்குப் போச்சு.

ஒரு லீக்கைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல ரெண்டாவதை விட்டுர்றது ரொம்பச் சுலபம். 30 வருஷ வண்டில ஒரு ரப்பர் போயிருந்தா அதே வயசு அண்ணன் தம்பிங்க எல்லாம் அதே வெயில்ல வெந்தவங்கதானே. 17 சரியான எண்ணுதான், ஆனா 950 சரியான எண்ணு இல்ல, அதைக் கவனிக்காம குளிக்கப் போனது என் தப்பு.

மறுநாள் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே எடுத்தேன், எல்லாரும் சொல்ற முறை, லீக் இருக்கற இடத்துல அடிச்சா ஆர்பிஎம் மாறும்னு. என் அனுபவத்துல இது பாதி ஏமாத்து வேலை. முன்னாடி ஃபேன் சுத்திட்டு இருக்கு, அடிக்கறதை எல்லாம் பறக்கடிச்சு ஏர் ஃபில்டர் வழியா உள்ள தள்ளிருது, ஆர்பிஎம் மாறுது, நீங்க எந்த இடத்துல அடிச்சீங்களோ அங்கதான் லீக்னு நினைச்சிருவீங்க. நான் இன்டேக் கேஸ்கெட்தான், அதாவது காத்துக் குழாய் இன்ஜினோட சேர்ற இடத்து அடைப்புதான், போச்சுன்னு முடிவு பண்ணி, அரை நாள் வேலைக்கு ஸ்பேனர் எடுக்கப் போயிட்டேன். அதை விட முக்கியம், இந்த இன்ஜின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இன்டேக்குக்கு நேர் கீழ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிச்சிட்டு இருக்கு. எரியற திரவத்தை அதுக்கு மேல தெளிக்கறது எவ்ளோ புத்திசாலித்தனம்னு நீங்களே சொல்லுங்க. பிரேக் கிளீனர் அடிக்கறவங்க டப்பாவைப் படிச்சுப் பாருங்க, குளோரின் கலந்த வகை சூட்டுல நச்சு வாயுவாகும்.

புகை விட்டுப் பாக்கறதுதான் நியாயமான வழி. ரெடிமேட் மெஷின் விலை கட்டாது, அதனால காலி பெயின்ட் டப்பா ஒண்ணு, அதுக்குள்ள பேபி ஆயில்ல நனைச்ச திரி, திரியைச் சுட வைக்க ஒரு டீசல் க்ளோ பிளக், மூடில ரெண்டு நிப்பிள். ஒண்ணுல மீன் தொட்டி ஏர் பம்ப், இன்னொண்ணுல இருந்து ஹோஸ் வண்டிக்கு. மீன் தொட்டி பம்ப்னு சொல்றது வேடிக்கைக்கு இல்ல, ஒரு பிஎஸ்ஐ சுத்தி அழுத்தம் போதும், கம்ப்ரசரை மாட்டினா நல்லா இருக்கற கேஸ்கெட்டும் சேர்ந்து போயிரும். பிளக்குக்குப் பத்து பத்து செகண்டாத்தான் கரன்ட் குடுக்கணும், வெட்டவெளியிலதான் பண்ணணும், பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் இருக்கணும். இன்ஜின் ஆஃப், ஆறியிருக்கணும். த்ராட்டில் வாயை ஒரு ரப்பர் கிளவுஸை இழுத்து மாட்டி மூடினேன், பிசிவி ஹோஸை அடைச்சேன், பூஸ்டர் போர்ட் வழியா புகையை விட்டேன். சைலன்ஸர் பக்கம் லேசா புகை வந்தா பயப்படாதீங்க, ஏதாவது ரெண்டு வால்வு திறந்து நின்னிருக்கும்.

அஞ்சு நிமிஷம் ஒண்ணும் இல்ல. இன்டேக் கேஸ்கெட்டைச் சுத்தி டார்ச் அடிச்சுப் பாக்கறேன், ஒரு இழை கூட வரல. நல்லவேளை பிரிக்கல. பொழுது சாயற நேரம், பையன் சைக்கிளை நிறுத்திட்டு வந்து நின்னு "அப்பா, பேட்டரி எரியுது"ன்னான். பதறிப் போய்ப் பாத்தா பேட்டரி ட்ரேக்குப் பின்னாடி இருந்து ஊதுபத்திப் புகை கணக்கா ஒரு மெலிசு நூல் நேரா மேல போகுது.

பேட்டரியைத் தூக்கினேன். ரிசர்வாயருக்குப் போற கெட்டி பிளாஸ்டிக் ட்யூப், பேனா ரீஃபில் அளவுதான் இருக்கும், ட்ரேயோட ஓரத்துல உரசி உரசி நீளவாக்குல வெடிச்சு நிக்குது. பக்கத்துல இருந்த, மூணு ட்யூபைச் சேக்கற டீ கனெக்டரைப் பிடிச்சு லேசா அசைச்சேன், அப்பளம் மாதிரி நொறுங்கிக் கைல வந்துருச்சு. ஹோஸை நசுக்கிப் பாக்கற முறைல இது ஏன் சிக்கலைன்னா, கெட்டி பிளாஸ்டிக்கை நசுக்க முடியாது, நசுக்கினா அங்கயே உடையும். இந்த மாதிரி ட்யூப்பை மேனிஃபோல்டு முனையில கழட்டி அந்தப் போர்ட்டுக்கு ஒரு ரப்பர் மூடி போட்டுத்தான் கேஜைப் பாக்கணும். அது எனக்கு அன்னைக்குத் தோணல.

உடைஞ்ச துண்டை மட்டும் மாத்தாம, முனையில இருந்து முனை வரைக்கும் புது வேக்யூம் ஹோஸ் இழுத்தேன், உரசற இடத்துல பழைய கார்டன் ஹோஸை ஒரு சாண் வெட்டி உறை போட்டேன். செக் வால்வை வாயில வச்சு ஊதிப் பாத்தேன், ஒரு பக்கம் போகணும் மறுபக்கம் போகக் கூடாது, நல்லா இருந்துது. ரிசர்வாயர்ல கை பம்ப் வச்சு 20 இன்ச் இழுத்து விட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து பாத்தேன், முள்ளு அதே இடம். பேட்டரி கழட்டி வச்சிருந்ததால கம்ப்யூட்டர் பழைய கணக்கை எல்லாம் மறந்து புதுசா கத்துக்கும், முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஐட்லிங் கொஞ்சம் முன்ன பின்ன போகும், அதைப் பாத்து ஸ்க்ரூவைத் தொட்டுராதீங்க.

கேஜ் 19, மேப் 107, ஐட்லிங் 700. ஐஏசி சாக்கெட்டைக் கழட்டினா இப்போ ஆர்பிஎம் விழுந்து இன்ஜின் திணறுது, அதாவது வால்வுக்குத் திரும்ப வேலை வந்துருச்சு. ஓடும்போது டெஸ்ட் போட்டா 111.

புது வண்டி வச்சிருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 1996-ல இருந்து வர்ற வண்டிங்கள்ல 20 டாலர் ஸ்கேனர் சொருகிப் பாருங்க, பி0507 வந்தா ஐட்லிங் எதிர்பார்த்ததை விட அதிகம்னு அர்த்தம், பி0171 வந்தா பெட்ரோல் பத்தல. மேஃப் வண்டியா இருந்தா ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்ளோ கூட்டுது குறைக்குதுங்கற கணக்கைப் பாருங்க. ஐட்லிங்ல பிளஸ்ல எகிறி நின்னு, 2500-க்கு ஏத்திப் பிடிச்சா சைபர் பக்கம் இறங்குதுன்னா வேக்யூம் லீக்தான் முதல் சந்தேகம், ஏன்னா இன்ஜின் அதிகக் காத்தை இழுக்கும்போது அந்தச் சின்ன ஓட்டைக்கு மதிப்பு குறைஞ்சிரும். ரெண்டு இடத்துலயும் பிளஸ்லயே நின்னா ஃப்யூல் பம்ப், ஃபில்டர், மேஃப் சென்சார்னு வேற திசைல போங்க.

மாமாவுக்கு நொறுங்கின டீ கனெக்டரை போட்டோ எடுத்து அனுப்பினேன். "இந்தத் துக்கடாவுக்கா நீ அத்தனை டாலரைக் குடுத்தே"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துது, பின்னாடி அத்தை சிரிக்கற சத்தமும். ஆமாங்க மாமா, மொத்தம் 375 டாலர். அதுல ஐஏசி வால்வையாவது திருப்பிக் குடுக்கலாம்னு பழசைச் சுத்தம் பண்ணி மாட்டிட்டு, புதுசைத் துடைச்சு அட்டைப் பெட்டில போட்டு எடுத்துட்டு கடைக்குப் போனேன். எலக்ட்ரிக்கல் பார்ட் ஒரு தடவை மாட்டிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம். கராஜ் ஷெல்ஃப்ல இருக்கு, யாருக்காவது 4.9-க்கு வேணும்னா சொல்லுங்க, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி சாக்கெட்டைக் கழட்டிப் பாத்துட்டு வாங்க.